ஆவோனிலிருந்து பாளையங்கோட்டைக்கு

லூயி மால் எடுத்த ‘ஓ ருவார் லெஸான்ஃபான்’ என்ற பிரெஞ்சுப் படம் 1987-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘போயிட்டு வாரேன் பிள்ளைகளா’ என்பது தலைப்பின் பொருள். ஓடும் நேரம் 104 நிமிடம். ஆனால் அந்தப் படம் கருவானது 1944 ஜனவரி 15, சனிக்கிழமை காலையில். இடைப்பட்ட 43 ஆண்டுகள் அது ஒரு மனிதரின் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது. அவரோடு கடலுக்கடியில் போனது, மயிலாப்பூர்த் தேரோட்டத்தில் நின்றது, கொச்சியின் யூதர் தெருவில் நடந்தது, அமெரிக்காவில் குடியிருந்தது. திரைக்கு வந்த பிறகும் அதன் பயணம் நிற்கவில்லை. தாமிரபரணிக் கரைக்கு அது வந்து சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, அது வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும்.

பாரிசுக்குத் தென்கிழக்கே, ஃபோன்தென்புளோ காட்டை ஒட்டி ஆவோன் என்ற சிற்றூர் இருக்கிறது. கார்மேல் சபைத் துறவிகள் அங்கே ஆண்பிள்ளைகளுக்கு ஓர் உறைவிடப் பள்ளி நடத்தினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். தலைமையாசிரியர் தந்தை ழாக். இயற்பெயர் லூசியன் புனெல். 1900-இல் நார்மண்டியில் ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் வந்தது. 1942 ஜூனிலிருந்து, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் ஆறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நட்சத்திரம் ஒன்றைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. அடுத்த மாதமே பாரிசில் 13,000 யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள். பிடித்தது ஜெர்மானியப் படை இல்லை, பிரெஞ்சுப் போலீஸ்.

1943-இல் தந்தை ழாக் மூன்று யூதச் சிறுவர்களைப் பொய்ப் பெயரில் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல், ழாக் ஹால்பெர்ன், மோரிஸ் ஷ்லோசர். ஹான்ஸ் பிராங்பர்ட்டில் பிறந்தவன். பள்ளி வருகைப் பதிவில் அவன் பெயர் ழான் போனே. யூதர் என்பதால் வேலை இழந்த லூசியன் வீல் என்ற இயற்கையியலாளருக்கும் அதே பள்ளியில் ஆசிரியர் வேலை கொடுத்தார். மேல்வகுப்பு மாணவர்களிடம் தந்தை ழாக் உண்மையைச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளைகள் யார், பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓர் உயிர் ரகசியத்தைக் காத்தார்கள்.

இருந்தும் தகவல் போய்விட்டது. ஜனவரி 15 காலை ஜெர்மானிய ரகசியப் போலீசான கெஸ்டாப்போ பள்ளிக்குள் நுழைந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளைப் பிடித்தார்கள். லூசியன் வீல், அவருடைய தாய், சகோதரி மூவரையும் அன்றே கைது செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த நேரத்தில் தந்தை ழாக்கையும் அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது பிள்ளைகளிடம் அவர் விடைபெற்ற சொற்கள்தான் பிற்பாடு படத்தின் தலைப்பாயின.

பிப்ரவரி 3-ஆம் தேதி பாரிசை அடுத்த டிரான்சி முகாமிலிருந்து 67-ஆம் எண் ரயில் புறப்பட்டது. சுமார் 1,200 பேர். மூன்று நாள் கழித்து அது ஆஷ்விட்ஸ் போய்ச் சேர்ந்தது. வந்திறங்கிய அன்றே மூன்று சிறுவர்களும் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டார்கள். பிரான்சிலிருந்து இப்படி அனுப்பப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களில் 11,000 பேர் குழந்தைகள். தந்தை ழாக் மௌட்ஹவுசன், குசென் முகாம்களில் கிடந்தார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை வந்து முகாமைத் திறந்தபோது உயிரோடிருந்தார். ஆனால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஜூன் 2-ஆம் தேதி ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இறந்தார். அவர் உடல் ஆவோனுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. 1985-இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம் அவரைத் தன் அறவோர் வரிசையில் சேர்த்தது.

முற்றத்து வரிசையில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சர்க்கரை ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் லூயி மால்.

லூயி மால் சினிமாவுக்கு வந்தது கடல் வழியாக. ழாக் கூஸ்தோவோடு சேர்ந்து ஆழ்கடலில் எடுத்த ‘மௌன உலகம்’ 1956-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியபோது அவருக்கு 23 வயது. பிறகு கதைப்படங்கள் எடுத்தார், பெயர் பெற்றார், சர்ச்சைகளிலும் சிக்கினார். ஆவோன் பள்ளியைப் பற்றி மட்டும் ஒரு சட்டகம்கூட எடுக்கவில்லை. அதுவே என் முதல் படமாக இருந்திருக்க வேண்டும், காத்திருக்கவே விரும்பினேன் என்ற பொருளில் பிற்பாடு சொன்னார். தயக்கத்தின் காரணம் ஊகிக்க முடியாததில்லை. இறந்த மூவரின் கதையைச் சொல்ல, பிழைத்தவன் தன் கையில் சொல்லும் திறமை முற்றிவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

1967 கடைசியில் பிரெஞ்சுப் படங்களை எடுத்துக்கொண்டு அவர் இந்தியா வந்தார். 1968 தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் எத்தியென் பெக்கெர், ஒலிப்பதிவாளர் ழான் குளோத் லொரூ இருவரோடு மறுபடி வந்து மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். கையில் கதை எழுதிய தாள் எதுவும் இல்லை. கண்டதை எடுப்பது என்பதே திட்டம். அதிலிருந்து ‘கல்கத்தா’ என்ற படமும், ‘மாய இந்தியா’ என்ற பொருள்படும் ஏழு பகுதித் தொடரும் பிறந்தன. தொடரின் இரண்டாம் பகுதி சென்னை பற்றியது. அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். மயிலாப்பூரில் தேர் இழுக்கும் கூட்டத்துக்குள் கேமரா புகுந்து நிற்கிறது. வடம் இழுப்பவர்களின் தோளும் முதுகும் வியர்வையும் தெரிகின்றன. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடத்தைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் விளக்க வேண்டியது ஒன்றும் இல்லை. கலாக்ஷேத்திராவில் சிறுமிகள் அடவு பழகுவதையும் அவர் பொறுமையாகப் படம்பிடித்திருக்கிறார்.

தொடரின் ஐந்தாம் பகுதி முழுக்கச் சாதி பற்றியது. ஆறாம் பகுதி, இந்தியச் சமூகத்தின் ஓரங்களில் வாழ்பவர்கள் பற்றியது. அதில் நீலகிரித் தோடர்கள் வருகிறார்கள், புதுச்சேரி ஆசிரமம் வருகிறது, கொச்சி யூதர்கள் வருகிறார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. மால் வந்துபோன அதே 1968-இன் டிசம்பரில் அதன் நானூறாவது ஆண்டுவிழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே போனார். கேரளத்து யூதர்களின் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் வழங்கிய செப்பேடு ஆயிரம் ஆண்டுப் பழையது. அது எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் புழங்கிய அதே எழுத்து. பிறப்பால் யூதர் என்பதற்காக ஒருவரை வேட்டையாடும் வழக்கம் இந்த மண்ணின் அரசர்களுக்கு இருந்ததில்லை. கொச்சி யூதர்களுக்குத் துன்பம் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஆனால் அதே மண்ணில் பிறப்பால் ஒருவரை ஒதுக்கும் வழக்கம் வேறொரு பெயரில் இருந்தது. அதைத்தான் ஐந்தாம் பகுதியில் மால் பார்த்தார். பள்ளித் தோழனைப் பிறப்பின் பேரால் பறிகொடுத்த ஒருவர், 35 வயதில் இந்தியாவின் கிணற்றடியிலும் தெருவிலும் என்ன பார்த்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆவோன் பற்றி அந்தத் தொடரில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே அவர் கேமரா எதை நோக்கித் திரும்பியது என்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தத் தொடரை 1970-இல் பிபிசி ஒளிபரப்பியது. வறுமையையும் சாதியையும் மட்டுமே காட்டுகிறது என்று இந்திய அரசு கோபப்பட்டது. தில்லியில் பிபிசி அலுவலகத்தை மூடச் சொல்லியது. இந்தியப் பயணம் தன்னை மாற்றிவிட்டது என்று மால் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்முடிவு இல்லாமல் பார்க்க இங்கேதான் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பிய பின் 1974-இல் ‘லாகோம்ப் லூசியன்’ எடுத்தார். எழுத்தாளர் பத்ரீக் மோதியானோவும் அவரும் சேர்ந்து எழுதிய கதை. கிராமத்துப் பையன் ஒருவன் ஜெர்மானிய எதிர்ப்பு இயக்கத்தில் சேரப் போகிறான். வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவன் ஜெர்மானியர்களுக்காக வேலை செய்யும் போலீசில் சேர்ந்துவிடுகிறான். கொள்கை காரணம் இல்லை. யாரோ ஒருவர் அவனுக்கு மதிப்புக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிரான்சில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. ‘நாங்கள் எல்லோரும் எதிர்த்துப் போராடினோம்’ என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு அந்தக் கண்ணாடி பிடிக்கவில்லை. மால் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பத்தாண்டுக்கு மேல் அங்கே படம் எடுத்தார். டெக்சஸ் மீனவர்கள் வியட்நாம் அகதி மீனவர்களை விரட்டும் கதையையும் அங்கேதான் எடுத்தார். எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்தது வெளியே நிறுத்தப்பட்டவனின் முகம்தான்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஆவோனைப் பற்றி எழுத உட்கார்ந்தார். 1987 தொடக்கத்தில், குளிர்காலத்திலேயே, புரோவென் என்ற ஊரின் பழைய பள்ளி ஒன்றில் படப்பிடிப்பு. தம் சாயலில் அமைந்த ஜூலியன் கெந்தனாக காஸ்பார் மனெஸ், போனேவாக ரஃபாயேல் ஃபெஜ்தோ. இரண்டு பையன்களுக்கும் அது முதல் படம். ஒளிப்பதிவு ரெனாத்தோ பெர்த்தா. சாம்பலும் நீலமுமாக உறைந்துபோன நிறங்கள். ஒலிப்பதிவு ழான் குளோத் லொரூ. மயிலாப்பூர்த் தேர் நகரும் சத்தத்தைப் பதிந்த அதே மனிதர்தான் இந்தப் பள்ளிக்கூடத்தின் மணியையும், உறைபனியில் பிள்ளைகளின் காலணிச் சத்தத்தையும் பதிந்தார்.

படம் அடக்கமாகத்தான் தொடங்குகிறது. ரயிலடியில் அம்மாவைப் பிரிய மனமில்லாத ஜூலியன். விடுதியில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேரும் புதுப் பையன். முதலில் பொறாமை: புதியவன் கணக்கிலும் கட்டுரையிலும் பியானோவிலும் முந்துகிறான். பிறகு சந்தேகம்: இரவில் எல்லோரும் தூங்கியபின் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி, தலையில் தொப்பி வைத்து, புரியாத மொழியில் முணுமுணுக்கிறான். அவன் அலமாரியில் இருந்த புத்தகத்தில் ‘கிப்பெல்ஷ்டைன்’ என்ற பெயர். யூதன் என்றால் யார், அவர்கள் செய்த குற்றம் என்ன என்று ஜூலியன் தன் அண்ணனிடம் கேட்கிறான். அண்ணனுக்கும் சரியான பதில் தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான். பிறகு காட்டில் இருவரும் வழிதவறி, இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கும்போது நட்பு உண்டாகிறது. விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்து எல்லோரும் பதுங்கறைக்கு ஓட, இவர்கள் இருவரும் பியானோ முன் உட்கார்ந்து நான்கு கையால் துள்ளலாக வாசிக்கிறார்கள். படத்தில் நெஞ்சு நிறையச் சிரிக்கும் இடம் அது.

இரண்டு காட்சிகளை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வகுப்பறை. சுவரில் வரைபடம். ருஷ்யப் போர்முனையில் யார் எங்கே முன்னேறுகிறார்கள் என்று சின்னச் சின்னக் கொடிகள் குத்தப்பட்டிருக்கின்றன. கெஸ்டாப்போ அதிகாரி முல்லர் உள்ளே வருகிறார். கிப்பெல்ஷ்டைன் யார் என்று கேட்கிறார். யாரும் பேசவில்லை. அவர் வகுப்புக்கு முதுகு காட்டி, வரைபடத்தின் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். அவர் பார்க்கவில்லை என்று நினைத்த அந்த ஒரு நொடியில் ஜூலியன் பின்னால் திரும்பி நண்பனைப் பார்க்கிறான். முல்லர் அதைப் பார்த்துவிடுகிறார். நடந்து போய் போனேயின் முன்னால் நிற்கிறார். போனே அழவில்லை, ஓடவில்லை. பேனாவை எடுத்து வைக்கிறான். புத்தகங்களை அடுக்குகிறான். பக்கத்துப் பையன்களுக்குக் கை கொடுக்கிறான். காவலன் இழுத்துக்கொண்டு போகிறான். பிறகு விடுதி அறையில் பெட்டி கட்டும்போது, ‘எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள், நீ வருத்தப்படாதே’ என்ற பொருளில் ஜூலியனைத் தேற்றுகிறான். சாகப் போகிற பிள்ளை, பிழைக்கப் போகிற பிள்ளையைத் தேற்றுகிறான்.

அந்தப் பார்வை நிஜத்தில் நடக்கவில்லை. நிஜ வாழ்வில் இருவரும் அவ்வளவு நெருங்கிய நண்பர்களும் இல்லை. மாலே இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 43 ஆண்டு நெஞ்சில் கிடந்த கேள்வி ஒன்று அந்தக் கற்பனைப் பார்வையாகத் திரையில் வடிவெடுத்தது: நான் எதுவும் செய்யவில்லையே, செய்யாமலிருந்ததும் ஒரு செய்கைதானா? பழைய தோழமைக்கு அவர் செலுத்திய காணிக்கை, குற்றத்தில் தனக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது காட்சி, சமையலறை. ஜோசப் அங்கே வேலை பார்க்கும் ஏழைப் பையன். கால் ஊனம். பணக்காரப் பிள்ளைகள் அவனை நொண்டி என்று கிண்டல் செய்கிறார்கள்; அதே பிள்ளைகள் வீட்டிலிருந்து வரும் ஜாமைக் கொடுத்து அவனிடம் கள்ளச் சந்தைச் சரக்கு வாங்குகிறார்கள். விஷயம் வெளிவருகிறது. பிள்ளைகளுக்கு லேசான தண்டனை. ஜோசப்புக்கு வேலை போகிறது. அது அநியாயம் என்று தண்டித்த பாதிரியாருக்கே தெரியும். சில நாள் கழித்து ஜோசப் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சிகரெட் பிடித்தபடி, ஜெர்மானியரோடு வந்து நிற்கிறான். ஒதுக்கப்பட்டவனை இன்னும் கீழே தள்ளினால் அவன் யார் பக்கம் போய் நிற்பான் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொல்லவில்லை. அறத்தின் உச்சியில் நின்ற ஒரு பள்ளிக்கூடமும் தன் சமையலறையில் தவறியது. படத்தில், மறைத்து வைத்த பிள்ளைகளைக் காட்டிக் கொடுத்தது அந்தத் தவறுதான்.

1987 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் படம் தங்கச் சிங்கம் வாங்கியது. அக்டோபரில் பிரான்சில் வெளியானது. மறு ஆண்டு சீசர் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஏழு விருதுகள். ஒலிப்பதிவுக்கான விருது லொரூவின் குழுவுக்கு. பிறகு படம் திரையரங்கை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போனது. திரைக்கதை நூலாக வந்தது. பிரெஞ்சுப் பிள்ளைகள் வகுப்பில் படிக்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள். 1995 ஜூலையில் குடியரசுத் தலைவர் ழாக் ஷிராக், யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று முதன்முறையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் மால் இறந்தார்.

இனி நம் ஊர்.

உலக சினிமா திருநெல்வேலிக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் ஆர்.ஆர். சீனிவாசனின் காஞ்சனை திரைப்பட இயக்கம் இங்கே நல்ல படங்களைத் தேடிக் கொண்டுவந்து திரையிட்டது. 1999 ஜூலை 23-ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டு வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அவர்களில் கைக்குழந்தை ஒன்றும் உண்டு. அதை ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படமாக்கியவர் சீனிவாசன்தான். மறக்கச் சொல்லி அதிகாரம் வற்புறுத்தும் ஒன்றைப் படமாக எடுத்து வைப்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். மாலும் அதையேதான் செய்தார்.

பிரான்சுக்கும் பாளையங்கோட்டைக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் பள்ளியை நடத்திய இயேசு சபையினரின் மதுரை மிஷன், பிரான்சின் தூலூஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. 1942 ஆகஸ்டில் யூதர் வேட்டைக்கு எதிராகத் தம் மறைமாவட்டக் கோயில்களில் கடிதம் வாசிக்கச் செய்த பேராயர் சலியேஜ் இருந்தது அதே தூலூஸ் நகரத்தில். யூதர்களும் மனிதர்கள்தான், நம் சகோதரர்கள்தான் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதே பிரான்சிலிருந்து வந்த கௌசானல் அடிகள் நம் மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் ஒரு காரியம் செய்தார். அங்கே 1872-இல் கட்டிய தேவாலயத்துக்கு இரண்டு கிளைகள். ஒரே பீடத்துக்கு முன்னால், ஒரு சாதியார் ஒரு கிளையில், இன்னொரு சாதியார் மறு கிளையில், நடுவில் தடுப்பு. 1910-இல் அந்தத் தடுப்பு எடுக்கப்பட்டது. தங்களை உயர்வாக நினைத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்குத் தோற்றது. கடவுளின் வீட்டுக்குள் பிறப்புக்கு இடமில்லை என்று நம் மாவட்டத்திலேயே ஒருமுறை தீர்ப்பாகிவிட்டது.

நூறு வருடம் கழிந்தது. தடுப்பு எங்கே போனது? பிள்ளைகளின் மணிக்கட்டுக்குப் போனது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மஞ்சள் நட்சத்திரத்தை ஹிட்லரின் ஆட்கள் கட்டாயப்படுத்தித் தைக்க வைத்தார்கள். இங்கே பிள்ளைகள் தாங்களாகவே கயிற்றைக் கட்டிக்கொண்டு, கட்டாதவன் யார் என்று தேடுகிறார்கள். 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிறு பற்றிய தகராறில் மாணவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை ஆசிரியர்களிடம் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அந்தப் பிள்ளை பிழைத்து, தேர்வெழுதி, கல்லூரிக்குப் போனான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவனை இறக்கி, கை விரல்களை வெட்டினார்கள்.

ஐரோப்பாவில் நடந்தது அறுபது லட்சம் பேரை அரசாங்கமே திட்டம் போட்டுக் கொன்ற கொடுமை. அதையும் நம் ஊரில் நடப்பதையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக்கூடாது. ஆனால் வேர் ஒன்று. பிறப்பையே குற்றமாக்குவது. அந்த வேர் வகுப்பறையில்தான் பிடிக்கிறது. பிடுங்குவதற்கும் அதுவே இடம். ஆவோனின் மேல்வகுப்புப் பிள்ளைகள் மூவரின் பிறப்பைத் தெரிந்துகொண்டு காத்தார்கள். நம் பிள்ளைகள் ஒருவர் பிறப்பை ஒருவர் தெரிந்துகொண்டு என்ன செய்கிறார்கள்? பிள்ளைகள் இயல்பிலேயே கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. ஆவோனில் அவர்களை நம்பி ஒரு பெரியவர் உண்மையைச் சொன்னார். காக்கும் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார். இங்கே பெரியவர்கள் கொடுப்பது வேறு.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நிறக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், அகர வரிசையில் இருக்கை என்று பல பரிந்துரைகள். எல்லாம் தேவைதான். ஆனால் கயிற்றைக் கத்தரித்தால் கை சும்மா ஆகும், மனம் ஆகாது. மனத்துக்கு வேறு வேலை வேண்டும். அதற்கு இந்த 104 நிமிடம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் கதை என்பதுதான் இதன் பெரிய வசதி. எங்கள் சாதியைச் சொல்கிறாயா என்று யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. படம் முடிந்து விளக்கு எரியும்போது, தன் வகுப்பில் போனே யார், ஜோசப் யார், தான் யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் தனக்குள் கேட்டுக்கொள்ளும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் காட்டும் திட்டம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஊடகம் படிக்கும் மாணவர்கள் உரிமையாளரிடம் முறையாக அனுமதி பெற்று இந்தப் படத்துக்குத் தமிழில் வசன எழுத்து போட முடியும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும். காட்டுவதற்கு முன் ஆசிரியர் தனியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முடிந்தபின் அறிவுரை சொல்ல வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும். ஜூலியன் ஏன் திரும்பிப் பார்த்தான்? ஜோசப்பை யார் கெடுத்தார்கள்? தந்தை ழாக் இருந்த இடத்தில் நம் பள்ளியில் யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையின் ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பெயருக்குரிய ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். இதை வாசிக்கும் ஆசிரியரே, உங்கள் பள்ளியில் அது நீங்களாக இருங்கள்.